பந்துக்கு முன்னால் குடிநீர்

கேள்வி: தொழிற்புரட்சிக் கால இங்கிலாந்தில் ஆலை முதலாளிகள் கால்பந்துக் குழுக்களை வளர்த்ததால்தான் தொழிலாளர்களின் உடல்நலம் தேறியது என்று படித்தேன். அப்படியானால் அரசும் மருத்துவச் செலவைக் குறைத்து மைதானங்களுக்குக் கொடுக்கலாமே?

பதில்: கூடவே கூடாது. நீங்கள் படித்ததில் வரிசை தலைகீழாக இருக்கிறது.

1842இல் சுகாதாரச் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக் வெளியிட்ட அறிக்கையின்படி, பஞ்சாலை நகரமான மான்செஸ்டரின் தொழிலாளர் குடும்பங்களில் இறந்தவர்களின் சராசரி வயது 17. கிராமப்புறமான ரட்லண்டில் அதே நிலையில் இருந்தவர்களுக்கு 38. மான்செஸ்டரில் பச்சைப் பிள்ளைகள் கொத்துக் கொத்தாகச் செத்ததால்தான் எண் அவ்வளவு கீழே போனது. சாக்கடை கலந்த தண்ணீரைக் குடித்து, காற்றில்லாத அறைக்குள் வாழ்ந்த அந்தப் பிள்ளைகளிடம் பந்தைக் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

அடுத்தது நேரம். வாரம் ஆறு நாளும் இருட்டும்வரை ஆலையில் நின்றவன் எப்போது ஆடுவான்? 1850 தொழிற்சாலைச் சட்டம், பெண்களையும் இளம் வயதினரையும் சனிக்கிழமை 2 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் பஞ்சாலை ஓடாது. அதனால் ஆண்களுக்கும் அரைநாள் கிடைத்தது. சனிக்கிழமை மதியம் கால்பந்து என்ற வழக்கம் பிறந்தது அந்த அரைநாளில்தான். 1875 பொதுச் சுகாதாரச் சட்டம் கழிவுநீரையும் குடிநீரையும் உள்ளாட்சிகளின் கடமையாக்கியது. குழுக்கள் பருவம் முழுக்க மோதும் தொடர் போட்டியான கால்பந்து லீக் அதற்கு 13 ஆண்டுகள் கழித்து, 1888இல்தான் வந்தது. அதன் 12 குழுக்களில் பாதி, பஞ்சாலைகள் நிறைந்த லங்காஷயர் மாவட்டத்து ஊர்களுடையவை.

முதலாளிகள் உதவவே இல்லையா என்றால், உதவினார்கள். 1883இல் நெசவாளியும் நூற்பாளியும் ஆடிய பிளாக்பர்ன் ஒலிம்பிக் குழு, செல்வந்தர் பள்ளியில் படித்த பழைய ஈட்டன் மாணவர்களை 2-1 என்று வீழ்த்தி, கால்பந்துச் சங்கத்தின் கோப்பையை (எஃப்.ஏ. கோப்பை) வாங்கியது. இரும்பு வார்ப்பாலை முதலாளி ஒருவர் தந்த பணத்தில் அவர்கள் முன்கூட்டியே கடற்கரை ஊரான பிளாக்பூலுக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த வெற்றி அது. ஆனால் அந்தச் சில நாள் ஓய்வும் கடற்காற்றும் கிடைத்தது ஒரு குழுவுக்கு. ஊரில் தறி ஓட்டியவர்களுக்கு அல்ல.

அதே கோப்பையின் 1901 இறுதிப் போட்டியை ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். அதே காலத்தில்தான், தென்னாப்பிரிக்கப் போருக்கு ஆள் எடுத்த ராணுவ மருத்துவர்கள், தொழில் நகரங்களின் இளைஞர்களை உடல் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மைதானம் நிரம்பியிருந்தது, உடம்பு தேறியிருக்கவில்லை! இதை விசாரிக்க அரசு அமைத்த குழு 1904இல் அறிக்கை தந்தது. உடற்பயிற்சியையும் அது பரிந்துரைத்தது, சரி. ஆனால் அதைத் தொடர்ந்து வந்த சட்டங்கள் எவை? 1906இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு, 1907இல் பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனை.

அப்புறம், தொழிலாளியின் உடல்நலமே கால்பந்தின் நோக்கம் என்றால், பெண்களை ஏன் விரட்டினார்கள்? பிரெஸ்டன் ஊரின் ஆயுத ஆலைப் பெண்கள் தொடங்கிய டிக் கெர் குழுவின் ஆட்டத்துக்கு 1920 டிசம்பரில் 53,000 பேர் வந்தார்கள். மறு டிசம்பரே, பெண்களுக்கு இந்த ஆட்டம் ஒவ்வாது என்று சொல்லி, கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களை அவர்களுக்கு மூடியது. திறக்க 50 ஆண்டுகள் ஆயின.

மைதானம் கேளுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன். மருத்துவமனையின் பணத்திலிருந்து கேட்காதீர்கள்.