மின்சுற்றுப் பாடத்துக்கு சிமுலேஷன் காட்டியும் மாணவர்கள் மனதில் எதுவும் நிற்கவில்லையே, ஏன்?

கணினியைத் திறந்து கொடுத்து "விளையாடிப் பாருங்கள்" என்றதோடு விட்டிருப்பீர்கள். கோளாறு அங்கேதான்.

திரையிலேயே பேட்டரி, ஒயர், பல்பு இணைத்துப் பார்க்கும் ஃபெட் (PhET) மின்சுற்று சிமுலேஷனையே எடுத்துக்கொள்கிறேன். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய திட்டம், இலவசம், இறக்கி வைத்துக்கொண்டால் இணையமும் வேண்டாம். முதல் 5 நிமிடம் சும்மா விடுங்கள். பேட்டரியின் இரு முனைகளையும் ஒயரால் நேரே இணைத்துத் தீ வரவழைப்பார்கள். வரவழைக்கட்டும், குறுக்குச்சுற்றைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்காது.

பிறகு கை மவுஸை விட்டு வரவேண்டும். தாளில் ஒரே கேள்வி: 9 வோல்ட் பேட்டரி, 10 ஓம் பல்புகள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பு. எது மங்கலாக எரியும்? "இரண்டாவது" என்று பலர் எழுதுவார்கள். முதல் பல்பு கரண்டைத் தின்றுவிடுகிறது என்ற நினைப்பு. எழுதி முடித்த பிறகே மவுஸ். மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரைப் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்தாலும், பல்புகளுக்கு நடுவில் வைத்தாலும், கடைசியில் வைத்தாலும் 0.45 ஆம்பியர்தான்; இரண்டு பல்பும் ஒரே அளவில்தான் எரியும். தாளில் எழுதாதவனுக்கு இது வெறும் எண். எழுதியவனுக்கு அடி.

ஒரு கணினிக்கு இரண்டு பேர் போதும். மூன்றாமவர் வேடிக்கைதான் பார்ப்பார்.

"நிஜ பல்பு, ஒயர் வேண்டாமா?" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அடுத்த வகுப்பில் கட்டாயம் வேண்டும். ஆனால் டார்ச் பல்பு இரண்டைத் தொடராக இணைத்தால் மின்னோட்டம் ஒற்றைப் பல்பில் ஓடியதில் சரிபாதியாகக் குறையாது, பாதிக்கு மேலேயே நிற்கும். பல்புக்குள் இருக்கும் இழைக்குச் சூடு குறையும்போது மின்தடையும் குறைகிறது. சிமுலேஷனில் மின்தடை மாறாத சாதாரண பல்பை வைத்துப் பார்த்த பிள்ளைகள் "மீட்டர் கெட்டுப்போச்சு" என்பார்கள். முன்பே சொல்லிவிடுங்கள்.

வேகமாகப் பதில் தட்டினால் கூடுதல் மதிப்பெண் தரும் வினாடி வினாவையும் "விளையாட்டுவழிக் கற்றல்" என்று கணக்குக் காட்டுகிறார்களே, அதுதான் எரிச்சல். அதில் யோசிப்பவன் தோற்பான்.

இன்னொன்று: திரையில் ஓடும் நீல எலெக்ட்ரான்களை முதல் வகுப்பில் மறைத்துவையுங்கள். அவை புத்தகத்து மின்னோட்ட அம்புக்குறிக்கு எதிராக ஓடும். அதோடு, பேட்டரியிலிருந்து எலெக்ட்ரான் வந்து சேர்ந்த பிறகுதான் பல்பு எரிகிறது என்று நம்பிவிடுவார்கள். சாதாரணத் தாமிரக் கம்பியில் எலெக்ட்ரான் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை.