கிப் ரிவர் ரோடு: வாடகை வண்டிக்குக் கையெழுத்துப் போடுமுன்

கேள்வி: மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியில், டெர்பியிலிருந்து குனுனுரா வரை கிப் ரிவர் ரோடு என்ற சரளைச் சாலை வழியாக ஜூலையில் பத்து நாள் கூடாரப் பயணம் போகிறோம். நான்கு பேர். மேலே கூடாரம் பொருத்திய ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வாடகைக்குத் தருபவர், நாளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் “முழுக் காப்பீடு” என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், “முழு” என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் ‘விலக்குகள்’ என்ற பகுதியை முதலில் படியுங்கள். பெரும்பாலும் ஐந்து விஷயங்கள் அங்கே ஒளிந்திருக்கும்: தண்ணீரில் இறங்கியதால் வரும் சேதம், வண்டியின் அடிப்பகுதி, கூரை, டயரும் கண்ணாடியும், வேறு வண்டி மோதாமல் தானே கவிழ்வது. கிப் ரிவர் ரோட்டில் வண்டிக்கு என்ன ஆகுமோ, அதேதான் அந்தப் பட்டியல்! கூரையில் கூடாரம் இருந்தால் பாரம் மேலே ஏறிவிடும். சரளையில் சட்டென ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கவிழ வாய்ப்பு அதிகம். அதனால் கவிழ்தலுக்கும் டயருக்கும் காப்பு உண்டா என்று மின்னஞ்சலில் எழுத்தாகக் கேளுங்கள். வாய்ப்பேச்சு செல்லாது.

இன்னொன்று: வழியில் வண்டி நின்றால் இழுத்து வரும் செலவு யாருடையது? பல நூறு கிலோமீட்டர் இழுத்தால் வாடகையையே தாண்டிவிடலாம். இரவில் ஓட்டத் தடை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருட்டில் மாடும் வாலபியும் (சிறு கங்காரு) குறுக்கே வரும், தடையில் நியாயம் இருக்கிறது.

வண்டியே பழுதென்றால் வேறு கதை. ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, வாடகைக்குத் தரும் பொருளும் சொன்ன வேலைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். “கிப் ரிவர் ரோட்டுக்கு” என்று நீங்கள் எழுதிக் கேட்டிருந்தால் அது உங்களுக்குப் பலம். ஒப்பந்த வரி எதுவும் இந்த உரிமையைப் பறிக்க முடியாது.

கேள்வி: வண்டியை எடுக்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: முதலில் டயர். சுமார் 660 கி.மீ. சாலையில் இரு முனைகளிலும் கொஞ்ச தூரம்தான் தார்; மீதி பெரும்பாலும் கூர்ங்கல் சரளை, அலை அலையான மேடுபள்ளம். ‘எல்.டி.’ (LT, லைட் டிரக்) என்று போட்ட கனமான டயர் வேண்டும், ஸ்டெப்னி இரண்டு வேண்டும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 2322 என்றால் 2022-இன் 23-ஆம் வாரம் செய்தது. ஐந்தாறு வயதான டயரை மாற்றித் தரச் சொல்லுங்கள். வண்டியை நான்கு பக்கமும் மேலிருந்தும் படமெடுத்து, தேதியோடு வாடகைக்குத் தருபவருக்கே அனுப்பிவிடுங்கள்.

அடுத்து, டிப்போ வாசலிலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். அடியில் தொங்கும் ஸ்டெப்னியை இறக்கும் கம்பி இல்லை, ஜாக்கி எட்டவில்லை என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். மண்ணில் ஜாக்கி புதையாமல் இருக்க ஒரு பலகை, காற்றழுத்த மானி, 12 வோல்ட் கம்ப்ரஸர், பஞ்சர் ஒட்டும் கிட் கட்டாயம். குளிர்பெட்டிக்குத் தனி பேட்டரி இல்லையென்றால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

டயரின் காற்றழுத்தம் தாரில் 40 பி.எஸ்.ஐ. என்றால் சரளையில் 28–30க்கு இறக்கலாம், வேகம் 80க்குள். காற்றைக் குறைத்துவிட்டு வேகமாகப் போனால் பக்கவாட்டுச் சுவர் சூடேறிக் கிழியும்.

கேள்வி: மிட்செல் அருவிக்கும் போகலாமா?

பதில்: பல வாடகை ஒப்பந்தங்களில், அங்கே போகும் காலும்புரு ரோட்டுக்குத் தடை, அல்லது தனி அனுமதி தேவை. பிரதான சாலையிலிருந்து போக வர ஏறக்குறைய 500 கி.மீ.; எரிபொருள் டிரைஸ்டேல் ரிவர் ஸ்டேஷனில் நிரப்பலாம். உங்கூ விசிட்டர் பாஸை (அந்தப் பழங்குடி நிலத்தில் நுழைவதற்கான அனுமதி) முன்கூட்டியே வாங்க வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். பெல், மானிங், கால்வன்ஸ் பள்ளத்தாக்குகளிலேயே நல்ல அருவிகள் இருக்கின்றன.

பிரதான சாலையில் இமின்ஜியிலும் மவுண்ட் பார்னட்டிலும் எரிபொருள் உண்டு. பார்னட்டில் தொட்டி முழுக்க நிரப்புங்கள், குனுனுராவுக்கு இன்னும் 400 கி.மீ. இருக்கிறது. குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் கணக்கு. ஆறுகளில் இறங்கி ஆழம் பார்ப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் முதலை இருக்கக்கூடிய ஆற்றில் வேண்டாம், குறிப்பாகப் பென்டெகோஸ்ட்டில். அங்கே உப்புநீர் முதலை இருக்கிறது. கரையில் நின்று, எதிரே வரும் வண்டி எங்கே ஏறுகிறது என்று பார்த்து, லோ ரேஞ்சில் (வேகம் குறைத்து இழுவை கூட்டும் கியர்) மெதுவாகக் கடந்து செல்லுங்கள்.