வாசகர் கேள்வி – பதில்: மாப்பிள்ளையின் கில்ட்

கேள்வி: என் மகள் அபர்டீனில் மருத்துவராகப் பணியாற்றுகிறாள். மக்கென்சி என்ற குடும்பப் பெயருடைய ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவரை வருகிற தை மாதம் கொழும்பில் மணம் முடிக்கவிருக்கிறாள். தன் பாட்டனார் அணிந்த கில்ட் என்ற முழங்காலளவு மடிப்பு உடையை மணநாளில் அணிய வேண்டும் என்று மாப்பிள்ளை ஆசைப்படுகிறார். அதிலுள்ள கட்டங்கள் தங்கள் குலத்துக்கே உரியவை என்றும் ஆயிரம் ஆண்டுப் பழைமை கொண்டவை என்றும் சொல்கிறார். எங்கள் பக்கத்துப் பெரியவர்களோ, "மணவறையில் பாவாடையோடு இருப்பதா?" என்று முகம் சுளிக்கிறார்கள். அவர் சொல்வது உண்மையா? நாங்கள் என்ன செய்யலாம்?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: கட்டம் போட்ட கம்பளித் துணி ஸ்கொட்லாந்தில் மிகப் பழையது என்பதில் ஐயமில்லை. ஃபோல்கேர்க் நகரில் ரோமானிய நாணயங்கள் நிறைந்த பானையோடு கிடைத்த சிறு துணித்துண்டு மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிளென் அஃப்ரிக் பள்ளத்தாக்கின் சதுப்பு நிலத்தில் கிடைத்த பல நிறத் துண்டை ஆய்வாளர்கள் 1500க்கும் 1600க்கும் இடைப்பட்டதெனக் கணித்துள்ளனர். ஆனால் இன்ன கட்டம் இன்ன குலத்துக்கு என்ற ஒழுங்கு அந்தக் காலத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. அவ்வப் பகுதி நெசவாளர்கள் தமக்குக் கிடைத்த சாயங்களில் நெய்தார்கள்; வாங்கியவர்கள் தமக்குப் பிடித்ததை உடுத்தார்கள். 1746 ஏப்ரலில் நடந்த கலோடன் போரில்கூட, நண்பன் யார் பகைவன் யார் என்பதைத் தொப்பியில் செருகிய அடையாளத்தைக் கொண்டே அறிந்தார்கள். பிரித்தானிய அரியணையைத் தன் குடும்பத்துக்கு மீட்க இளவரசர் சார்ள்ஸ் எட்வர்ட் நடத்திய அந்தக் கிளர்ச்சியில் மக்கென்சி குலமே இரண்டாகப் பிரிந்திருந்தது. குரோமார்ட்டிப் பிரபு இளவரசரின் பக்கம் நின்றார். சீஃபோர்த் கிளையின் தலைவர் அரசின் பக்கம் நின்றார்.

அந்தப் போருக்குப் பின் நடந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நீங்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். தோற்ற ஸ்கொட்லாந்து மலைநாட்டாரின் மன உறுதியைக் குலைப்பதற்காக, 1747 ஓகஸ்ட் 1ஆம் திகதி முதல் மலைநாட்டு ஆண்களும் சிறுவர்களும் கில்ட் அணிவது சட்டப்படி குற்றமாக்கப்பட்டது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுமுறை பிடிபட்டால் ஏழாண்டு நாடுகடத்தல். 1782 ஜூலையில்தான் அந்தத் தடை நீங்கியது. முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு சமூகத்தின் ஆண்கள் தம் பாட்டன் உடுத்ததை உடுத்தச் சிறைக்கு அஞ்ச வேண்டியிருந்தது என்பதை அறிந்தவர்கள், அந்த உடையைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

தடையிலிருந்து விலக்குப் பெற்றவர்கள் அரசின் படையில் சேர்ந்த மலைநாட்டு வீரர்கள். இதனால் டார்ட்டன் எனப்படும் இந்தக் கட்டத் துணி பெருமளவில் படைப்பிரிவுகளில் உயிர் பிழைத்தது. பிளாக் வோச் என்ற மலைநாட்டுப் படைப்பிரிவின் கருநீலம், கறுப்பு, பச்சைக் கட்டங்களின்மேல் வெள்ளைக் கோடும் சிவப்புக் கோடும் சேர்ந்ததே மக்கென்சி டார்ட்டன். 1778இல் சீஃபோர்த் பிரபு திரட்டிய படைப்பிரிவு அதை அணிந்தது. பின்னர் அதுவே குலத்தின் கட்டமாக நிலைபெற்றது. 1793இல் அதே குடும்பம் திரட்டிய 78ஆம் ஹைலண்டர்ஸ் படைப்பிரிவு 1826 முதல் பத்தாண்டுக்கும் மேலாக இலங்கையில் நிலைகொண்டிருந்தது. ஆகவே உங்கள் மாப்பிள்ளையின் கட்டங்களுக்கு இந்த மண் புதிதன்று.

மற்றக் குலங்களின் கதையும் ஏறத்தாழ இந்தக் காலத்ததுதான். 1815இல் லண்டனிலிருந்த ஹைலண்ட் சங்கம், குலத் தலைவர்கள் தத்தம் டார்ட்டனின் மாதிரியை முத்திரையிட்டு அனுப்ப வேண்டும் என்று கேட்டது. தம் குலத்தின் கட்டம் எதுவென்று தெரியாமல் பிறரிடம் கேட்டறிந்த தலைவர்களும் இருந்தார்கள். பனொக்பேர்ன் ஊரின் வில்சன் நெசவு நிறுவனம் 1819இல் தொகுத்த மாதிரிப் புத்தகத்தில் பல கட்டங்களுக்குப் பெயர்கள் இடப்பட்டன. 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, எழுத்தாளர் வோல்டர் ஸ்கொட் முன்னின்று நடத்திய வரவேற்பு விழாவுக்காகத் தலைவர்கள் எல்லோரும் தத்தம் குல டார்ட்டனைத் தேடி உடுத்தார்கள். இதனால் மாப்பிள்ளை சொல்லும் ஆயிரம் ஆண்டை ஏறக்குறைய இருநூறு ஆண்டு என்று திருத்திக்கொள்ளுங்கள். இதைக் கேட்டு அவர் மனம் வருந்தத் தேவையில்லை. ஆறேழு தலைமுறைகளாக ஒரு குடும்பம் மணத்துக்கும் மரணத்துக்கும் போருக்கும் அணிந்து வந்த கட்டம் அந்தக் குடும்பத்துடையதே. அதற்கு மேல் பழைமைச் சான்றிதழ் எதற்கு?

எனக்குப் பெரிதாகப் படுவது, அது அவருடைய பாட்டனார் அணிந்த கில்ட் என்பதுதான். வாய்ப்புக் கிடைத்தால் அதைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஏறத்தாழ எட்டு யார் கம்பளித் துணியை வெட்டிக் குறைக்காமல், பின்புறம் மடிப்பு மடிப்பாக அடுக்கி, இடுப்பிலிருந்து பிட்டம்வரை கையால் தைத்திருப்பார்கள். மடிப்புகளை விரிக்காமல் பார்த்தால், துணியின் முழுக் கட்டமும் குலையாமல் அப்படியே தொடர்வது தெரியும். நல்ல தையற்காரரின் கைத்திறன் அங்கேதான் வெளிப்படும். பாவிலும் ஊடிலும் ஒரே நிற வரிசை ஓடுவதால், இரு நிறங்கள் குறுக்கிடும் இடமெல்லாம் ஒரு கலப்பு நிறம் பிறக்கிறது. மக்கென்சி டார்ட்டனின் ஐந்து நிறங்களும் சேர்ந்து பதினைந்து சாயல்களைத் தருவது அப்படித்தான். துணியெல்லாம் உள்ளே மடிந்தே கிடப்பதால், வார்ப்பட்டியின் பக்கிளை இடம் மாற்றித் தைத்தாலே பாட்டனின் கில்ட் பேரனின் இடுப்புக்குப் பொருந்திவிடும். நம் வீடுகளில் அம்மம்மாவின் தாலிக்கொடி பேத்திக்கு வருவதைப் போன்றது அது.

இனி உங்கள் சிக்கலுக்கு வருவோம். மணவறையில் தாழ்ந்த பலகையில் சம்மணமிட்டு, ஓமத்தீக்கு எதிரே நெடுநேரம் இருக்க வேண்டும். கனத்த கம்பளிக் கில்ட்டோடு அப்படி இருப்பது சிரமம். முழங்காலளவே உள்ள உடையாதலால் பார்வைக்கும் அழகாக இராது. தாலி கட்டும் நேரத்துக்கு வேட்டியும், அதன்மேல் மெல்லிய மக்கென்சி டார்ட்டனில் நெய்த ஒரு சால்வையும் அணியலாம் என்பது என் யோசனை. தோளில் டார்ட்டன் அணிவது அவர்களுடைய பழைய வழக்கந்தான். மாலை வரவேற்புக்குப் பாட்டனாரின் கில்ட்டை முழு அலங்காரத்தோடு அணியட்டும். கோயிலில் திருமணம் என்றால், இடுப்பில் தொங்கும் ஸ்பொரன் என்ற தோற்பையையும் காலுறையில் செருகும் சிறு கத்தியையும் முன்னரே கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள். மணமகனின் குல டார்ட்டனை மணமகளின் தோளில் ஊசியால் குத்திவிடுவது ஸ்கொட்லாந்துத் திருமணங்களில் உண்டு. வரவேற்பில் சம்பந்தியம்மா அதை உங்கள் மகளுக்குச் செய்தால், முகம் சுளித்த பெரியவர்களும் முன்வரிசைக்கு வந்து பார்ப்பார்கள்.

கேள்வி: புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் என் தாத்தா பங்களா அப்புவாக இருந்தார். எழுபதுகளில் ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் தொரை ஒரு கில்ட்டை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். இப்போது அது எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் பூச்சி அரித்துக் கிடக்கிறது. அது எந்தக் குலத்துடையது என்று எப்படி அறிவது? காப்பாற்ற முடியுமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: முதலில் காப்பாற்றுங்கள், ஆராய்ச்சி பிறகு நடக்கட்டும். கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சியின் புழு. அது மடிப்புகளின் இடுக்கில்தான் ஒளிந்திருக்கும். வெயிலில் உதறி, மென்மையான தூரிகையால் மடிப்பு மடிப்பாகத் துடையுங்கள். பின்னர் பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, −18 பாகை குளிரில் இரண்டு வாரம் உறைபெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையை உடனே திறக்காதீர்கள். அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகு திறந்தால்தான் துணியில் ஈரம் படியாது. கொழும்பின் ஈரக்காற்றில் பூஞ்சணம் விரைவில் பற்றும் என்பதால் மறுபடியும் பொலித்தீனிலோ தகரப்பெட்டியிலோ பூட்டி வைக்க வேண்டாம். துவைத்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, காற்றோட்டமான அலுமாரியில் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வீட்டில் வெந்நீரில் துவைத்துவிடாதீர்கள், கம்பளி சுருங்கிப்போகும்.

அடையாளம் தேட, இடுப்பின் உட்புறமுள்ள பருத்தி உள்துணியைப் பாருங்கள். தையற்காரரின் சீட்டோ, உரியவரின் பெயர் எழுதிய நாடாவோ அங்கே இருக்கலாம். அம்புக்குறி முத்திரையும் ஆண்டும் இருந்தால் அது படையிலிருந்து வந்தது. பின்மடிப்புகளில் முழுக் கட்டமும் தொடராமல் ஒரே கோடு மட்டும் வரிசையாகத் திரும்பத் திரும்ப வந்தாலும் படைவழக்கத்தின் அறிகுறியே. பிறகு ஒரு கட்டத்தின் நிற வரிசையை எழுதி, நூல்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கொட்லாந்து அரசு 2009இல் தொடங்கிய டார்ட்டன் பதிவேட்டில் அதை இணையத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: டார்ட்டன் தெரிந்துவிட்டால் தொரையின் குடும்பம் தெரிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. இங்கு வந்த தோட்டத்துரைமார் பலர் ஸ்கொட்லாந்தின் வடகிழக்குச் சமவெளிப் பகுதியினர். 1867இல் லூல்கந்துரவில் தேயிலைப் பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்தப் பக்கத்துக் கின்கார்டின்ஷயரில் பிறந்தவரே. அப்பகுதிகளில் கில்ட் பரம்பரை உடையாக இருந்ததில்லை. பிற்காலத்தில் நாட்டின் பொது உடையாக ஆனபின், நவம்பர் 30ஆம் திகதி, ஸ்கொட்லாந்தின் பாதுகாவலரான புனித அந்திரேயரின் விருந்துக்கு அணிவதற்கென்றே வாங்கியவர்களும் உண்டு. எதுவானாலும், உங்கள் தாத்தாவுக்குக் கொடுத்தது இன்று உங்கள் குடும்பத்தின் சொத்து. அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும், பெரியவர்கள் சொன்ன விவரங்களையும் ஒரு தாளில் எழுதிக் கில்ட்டோடு சேர்த்து வையுங்கள். உள்துணியில் தொரையின் பெயர் அகப்பட்டால் அவர் உறவினரைத் தேடி ஒரு கடிதம் எழுதுவதும் நல்லதே.

கேள்வி: என் மகன் பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் பேக்பைப் வாசிக்கிறான். அவனுக்குச் சொந்தமாக ஒரு கில்ட் தைக்க விரும்புகிறோம். ஸ்கொட்லாந்து இரத்தம் இல்லாதவர்கள் அணியலாமா?
– வாசகி, தெஹிவளை

பதில்: தாராளமாக அணியலாம். தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. ஆயினும் ஏதாவது ஒரு குலத்தின் டார்ட்டனை நிறம் பிடித்ததென்று எடுப்பதைவிட, எவரும் அணியக்கூடியதாகக் கருதப்படும் பிளாக் வோச் டார்ட்டனை எடுப்பது மரியாதை. குலத் தலைவரின் சின்னம் பொறித்த தொப்பி வில்லையை மட்டும் வாங்க வேண்டாம். அது அந்தக் குலத்தாருக்கு உரியது. புதிய கட்டம் ஒன்றை நீங்களே வரைந்து, கட்டணம் செலுத்தி, மேலே சொன்ன பதிவேட்டில் பதியவும் வழியுண்டு. சிங் என்ற பெயருடைய சீக்கியர்களுக்கென்று 1999இலேயே ஒரு டார்ட்டன் உருவாகிவிட்டது. தைக்கக் கொடுக்கும்போது, நீளம் முழங்காற் சில்லின் நடுவில் நிற்கும்படி அளவெடுக்கச் சொல்லுங்கள். வளரும் பிள்ளை என்பதால் பக்கிளை நகர்த்த இடம் விட்டுத் தைக்கவும் சொல்லுங்கள். கொழும்பு வெயிலில் அணிவகுத்துச் செல்ல வேண்டியிருப்பதால் யாருக்கு 16 அவுன்ஸ் கனமுள்ள துணி வேண்டாம். 13 அவுன்ஸ் போதும்.