நம்பர் கேட்டால் என்ன சொல்வது?

அன்புள்ள அக்கா,

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வந்து மூன்று வருடமாகிறது. உட்லண்ட்ஸில் இருக்கிறோம். கோவிலில், ரயிலில், மகளின் பாலர் பள்ளி வாசலில் யாராவது தமிழ் பேசினால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் பத்தே நிமிடத்தில் ‘நம்பர் சொல்லுங்க’ என்கிறார்கள். மறுக்க வாய் வருவதில்லை. போன மாதம் கோவிலில் பழக்கமான ஓர் அம்மாவிடம் கொடுத்தேன். மறுநாளே ஏதோ முதலீட்டுக் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார். மனம் நோகாமல் எப்படி மறுப்பது? என் பெயர் போட வேண்டாம். உங்கள் வாட்ஸ்அப் நம்பர் கிடைத்தால் விவரமாகப் பேசுவேன்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கடைசி வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

பல வருடங்களுக்கு முன் லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் ஒரு பெண்மணி என்னிடம் நம்பர் கேட்டார். மறுக்கத் துணிவில்லாமல் கடைசி இலக்கத்தை மாற்றிச் சொன்னேன். ‘சரி, மிஸ்டு கால் விடுறேன், சேவ் பண்ணிக்குங்க’ என்று அங்கேயே அழைத்தார். என் கைப்பையில் சத்தமே இல்லை. அவருடைய போனில் ஒரு தாத்தா ‘வெய்? வெய்?’ என்று சீனத்தில் கேட்டார். அடுத்த ரயிலுக்கு நாலு நிமிடம் என்றது பலகை. நாலு நிமிடமும் இருவரும் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அன்றோடு பொய் நம்பர் சொல்வதை விட்டேன்.

நம் ஆட்கள் கேட்பதில் பெரும்பாலும் கெட்ட எண்ணம் கிடையாது. ஊரில் ‘யார் வீட்டுப் பொண்ணு’ என்று கேட்போமே, அது இங்கே ‘எந்த புளோக், என்ன நம்பர்’ என்று ஆகிவிட்டது. ஆனால் 2017இல், எண்ணை வைத்தே பணம் அனுப்பும் பேநவ் வசதி வந்ததிலிருந்து பலருக்குக் கைப்பேசி எண்தான் வங்கிக் கணக்குக்கு வாசல். எண்ணைத் தட்டினால், பணம் அனுப்பும் முன்பே பதிவான பெயர் திரையில் வந்து நிற்கும். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தாலோ, முகம் தெரியாத எல்லோருக்கும் எண் போய்விடும். பக்கத்தில் குழந்தையோடு எடுத்த முகப்புப் படம் வேறு.

‘அழைக்க வேண்டாம்’ பதிவேடு 2014 முதல் இருக்கிறது. அது நிறுவனங்களின் விற்பனை அழைப்புகளுக்குத்தான். தினமும் காலை வணக்கம் அனுப்பும் அம்மாவை எந்தப் பதிவேடும் தடுக்காது.

மறுக்கும்போது காரணம் மட்டும் சொல்லாதீர்கள். ‘போன் ரிப்பேர்’ என்றால் ‘வீட்டுக்காரர் நம்பர் குடுங்க’ என்பார்கள். ‘அவருக்குப் பிடிக்காது’ என்றால் பாவம், அவரைப் பற்றி ஒரு கதை கோவில் முழுக்கச் சுற்றும். நான் சொல்வது இவ்வளவுதான்: ‘நம்பர் யாருக்கும் குடுக்குறதில்லைங்க. வெள்ளிக்கிழமை இங்கேதான் வருவேன், பார்ப்போம்.’ சொன்ன கையோடு, ‘உங்க பையன் எத்தனாவது படிக்கிறான்?’ என்று கேட்டுவிடுவேன். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் நம்பர் மறந்துபோகும்.

சிலருக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும். அடுத்த வாரம் நீங்களே வலியப் போய்ப் பேசுங்கள், சரியாகிவிடும். முன்பெல்லாம் கடைத்தொகுதிக் குலுக்கல் சீட்டில்கூட ஐசி எண்ணை, அதாவது அடையாள அட்டை எண்ணை, எழுதிப் பெட்டியில் போட்டோம். 2019 செப்டம்பர் 1 முதல் தக்க காரணமில்லாமல் நிறுவனங்கள் அதைக் கேட்கக் கூடாது என்று ஆனது. அதனால் குலுக்கல் நின்றா போனது?

ஒன்று: தனியாக இருக்கும்போது ஓர் ஆண் வற்புறுத்தினால் இந்த நயமெல்லாம் வேண்டாம். ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். கிழமையும் சொல்லாதீர்கள்.

அந்த முதலீட்டுக் குழுவிலிருந்து இன்றைக்கே வெளியேறுங்கள். பணம் எதுவும் போட்டுவிடவில்லையே? சந்தேகமாக இருந்தால் 1799க்கு அழைத்துக் கேட்கலாம், மோசடி பற்றி விசாரிக்கவே உள்ள எண் அது. உங்கள் வாட்ஸ்அப்பில் யார் குழுவில் சேர்க்கலாம் என்பதையும் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள்.

அப்புறம் அந்தக் கடைசி வரி. நம்பர் யாருக்கும் கொடுப்பதில்லைங்க. இதே மின்னஞ்சலுக்கு எழுதுங்கள், கட்டாயம் பதில் போடுவேன். மகளை உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறீர்களா? என்ன கதை பிடிக்கும் அவளுக்கு?