பெயர் ஒன்று, மொழி இரண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

லொம்பார்டு என்பது இத்தாலியத்துக்கு உறவான, வட இத்தாலியில் இன்றும் பேசப்படும் மொழி என்று ஓரிடத்தில் படித்தேன். மற்றோரிடத்தில் அது அழிந்துபோன ஜெர்மானிய மொழி என்றிருக்கிறது. இவற்றுள் எது பிழை?

கே.

அன்புள்ள கே.,

இரண்டுமே சரிதான்; அவை வெவ்வேறு மொழிகள். 568-ல் அல்போயின் அரசனின் தலைமையில் இத்தாலிக்குள் புகுந்த லாங்கோபார்டுகள் பேசியது ஜெர்மானிய மொழி. 774-ல் சார்லமேன் அவர்களுடைய அரசை வீழ்த்திய பிறகும் அவர்களின் பெயர் மண்ணில் தங்கி லொம்பார்டி ஆயிற்று. அங்கே லத்தீனிலிருந்து இடையறாமல் வளர்ந்துவந்த பேச்சுக்குப் பின்னாளில் அந்த மண்ணின் பெயரே வழங்கலாயிற்று. மிலான்காரர்கள் எதிர்மறைக்காக வினைக்குப் பின்னால் சேர்க்கும் 'மிங்கா' என்ற சொல்கூட, 'துணுக்கு' எனப் பொருள்படும் லத்தீன் 'மீக்கா'வின் வழிவந்ததே.

பழைய மொழியில் தொடர்ச்சியான நூல் எதுவும் எஞ்சவில்லை. 643-ல் ரோத்தாரி அரசன் தொகுப்பித்த சட்டமே லத்தீனில்தான் இருக்கிறது. திருமணத்துக்கு மறுநாள் காலையில் கணவன் மனைவிக்குத் தரும் கொடையைக் குறிக்கும் 'மோர்கின்காப்' போல, தங்கள் வழக்கத்துக்கே உரிய சில இடங்களில் மட்டும் சொந்தச் சொல் தலைகாட்டுகிறது.

ஆயினும் அம்மொழி சுவடின்றி மறைந்துவிடவில்லை. கன்னத்தைக் குறிக்கும் 'குவாஞ்சா', முதுகைக் குறிக்கும் 'ஸ்கியேனா' ஆகிய இத்தாலியச் சொற்கள் அதன் மிச்சங்கள் என்பர். வங்கிக்கும் நீள இருக்கைக்கும் இத்தாலியத்தில் உள்ள சொற்கள் தமிழெழுத்தில் ஒன்றுபோல 'பாங்க்கா' என்றே அமையும். ஆனால் முன்னதன் முதலொலி 'பயம்' என்பதிலுள்ளது, பின்னதன் முதலொலி 'பழம்' என்பதிலுள்ளது. வேர் ஒன்றே என்றாலும், தென்ஜெர்மன் வழக்குகளில் போலவே லாங்கோபார்டு வாயிலும் அந்த முதலொலி வல்லொலியாகிவிட்டது. (நம்முடைய பெஞ்சும் பேங்கும் ஆங்கிலத்தின் வழியாக வந்த அதே வேரின் பிள்ளைகள்தாம்.)

பர்கண்டியிலும் இதே கதைதான்: கிழக்கு ஜெர்மானிய மொழி பேசிய பர்கண்டியரின் பெயரை, இன்று பிரெஞ்சுக்கு நெருங்கிய ஒரு வட்டார மொழி தாங்கி நிற்கிறது.

ஆங்கிலத்தில் இவ்விரு மொழிகளின் பெயர்களும் ஓரிரு எழுத்துகளில்தான் வேறுபடுகின்றன. சிலர் அந்த வேறுபாட்டையும் விட்டுவிடுகிறார்கள், நீங்கள் படித்தவற்றிலும் அதுவே நேர்ந்திருக்கும். நான் பழையதை லாங்கோபார்டு என்றும், இன்று வழங்குவதை லொம்பார்டு என்றும் எழுதிவருகிறேன்.