விண்ணோடங்களுக்கு வயதானது எப்படி?

கேள்வி: நாசாவின் ஒவ்வொரு விண்ணோடமும் (ஸ்பேஸ் ஷட்டில்) 100 முறை பறக்கும் என்றார்களே, டிஸ்கவரி ஏன் 39 முறையோடு நின்றது?

பதில்: 100 என்பது வடிவமைப்பாளர்கள் போட்ட கணக்கு. பாதி தூரம்கூட எந்த ஓடமும் போகவில்லை. அட்லாண்டிஸ் 33, எண்டெவர் 25. ஆனால் டிஸ்கவரி 1984 முதல் 2011 வரை, 27 ஆண்டுகள் சேவையில் இருந்தது. பறக்காமல் நிற்கும்போதும் வயருக்கும் சீலுக்கும் வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

1999 ஜூலையில் கொலம்பியா ஓடம் கிளம்பிய ஐந்தாவது நொடியில் ஷார்ட் சர்க்யூட். இரண்டு எஞ்சின்களில் தலா ஒரு கட்டுப்பாட்டுக் கணினி நின்றுபோனது. மாற்றுக் கணினி இருந்ததால் உள்ளே இருந்த ஐந்து பேரும் பிழைத்தார்கள். இறங்கியபின் தேடினால், சரக்கு அறைப் பகுதியில் ஒரு வயரின் உறை, ஒரு ஸ்க்ரூ தலையில் உராய்ந்து உராய்ந்து தேய்ந்திருந்தது. அவ்வளவுதான்! அதற்காக எல்லா ஓடங்களின் வயர்களையும் சோதித்தார்கள். டிசம்பர் வரை ஒன்றும் பறக்கவில்லை. பயண எண்ணிக்கையை மட்டும் வைத்து ஆயுளைச் சொல்லாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கேள்வி: வெப்பம் தாங்கும் ஓடுகளை ஒவ்வொரு முறையும் மாற்றுவார்களா?

பதில்: இல்லை, பழுதானவற்றை மட்டும். ஓர் ஓடத்தில் சுமார் 24,000 ஓடுகள், ஒவ்வொன்றுக்கும் தனி எண். சிலிக்கா இழையால் ஆனவை, உள்ளே பெரும்பகுதி காற்றுதான். திரும்பி வரும் சூட்டில் நீர் புகாத பூச்சு எரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு ஓட்டிலும் ஊசித்துளை வழியாக மறுபடி மருந்து ஏற்ற வேண்டும்.

கேள்வி: கொலம்பியா விபத்துதான் விண்ணோடங்களின் ஓய்வுக்குக் காரணமா?

பதில்: பெரும்பாலும் ஆம். கிளம்பும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையின் முன்விளிம்பை உடைத்தது. 2003 பிப்ரவரி 1 அன்று, திரும்பும் வழியில், கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரை இழந்தோம். 2010-க்குப் பிறகும் பறக்கவிட்டால் முழுதாகச் சோதித்து மறுசான்று தர வேண்டும் என்றது விசாரணைக் குழு. அடுத்த ஆண்டே ஓய்வு அறிவிப்பு வந்தது. சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். விபத்தென்றால் தப்பிக்க வழியில்லாத வண்டியில் ஆட்களை எத்தனை காலம் ஏற்றுவது?

கேள்வி: இப்போது ஆட்களை ஏற்றிச் செல்லும் ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலம் எத்தனை முறை பறக்கும்?

பதில்: முதலில் ஐந்து முறைக்குத்தான் சான்று. அப்புறம் 15 வரை நீட்டும் வேலையில் இறங்கினார்கள். ஆபத்தென்றால் ராக்கெட்டிலிருந்து பிரிந்து தப்பும் எஞ்சின் இதில் உண்டு.

கேள்வி: ஓய்வுபெற்றவை இப்போது எங்கே?

பதில்: டிஸ்கவரி வர்ஜீனியாவில், எண்டெவர் லாஸ் ஏஞ்சலிஸில். அட்லாண்டிஸ் ஃபுளோரிடாவில், சரக்கு அறைக் கதவு திறந்தபடி, பறக்கும் கோலத்தில் ஒருபக்கம் சாய்ந்து நிற்கிறது. வாய்ப்பிருந்தால் அவசியம் போய்ப் பாருங்கள். எஞ்சின்களை மட்டும் நாசா கழற்றி வைத்துக்கொண்டது. 2022 நவம்பரில் ஆளில்லா நிலவுப் பயணமான ஆர்ட்டெமிஸ்-1 கிளம்பியபோது அடியில் எரிந்த நான்கு முதன்மை எஞ்சின்களும் ஓடங்களில் பறந்தவைதான். அந்த முறை அவை திரும்பவில்லை, ராக்கெட்டோடு கடலில் போயின.