தயிர், ப்ரோபயாட்டிக், மருந்து எதிர்ப்பு மரபணு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ப்ரோபயாட்டிக் (நன்மை தரும் உயிருள்ள கிருமிகள்) கேப்ஸ்யூல் ஒன்றின் ஆய்வறிக்கையில் 'வான்கோமைசினுக்கு எதிர்ப்பு உண்டு' என்றிருக்கிறது. அதைச் சாப்பிடலாமா?

பதில்: அந்த ஒரு வரியை வைத்து ஒதுக்கிவிட வேண்டாம். பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டும்போது, கட்டுமான மூலக்கூறின் நுனியிலுள்ள அலனின் என்ற அமினோ அமிலங்கள் இரண்டையும் பிடித்து வேலையை முடக்குவதுதான் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் வழி. ப்ரோபயாட்டிக்குகளில் அதிகம் சேர்க்கப்படும் லாக்டோபேசில்லஸ் குழுவின் பல இனங்களில் கடைசி அலனின் இருக்க வேண்டிய இடத்தில் லாக்டேட் என்ற வேறு மூலக்கூறு இருக்கிறது. மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை. இது அந்த இனங்களின் பிறவிக் குணம். குரோமோசோமிலேயே பதிந்திருப்பதால் வேறு கிருமிக்குப் பரவுவதாகக் கருதப்படுவதில்லை.

குடலில் வாழும் என்டரோகாக்கஸ் கிருமிகளின் வான்-ஏ மரபணுத் தொகுதி செய்வதும் இதே லாக்டேட் மாற்றத்தைத்தான். ஆனால் அது டிரான்ஸ்போசானில் (இடம் மாறித் தாவும் டி.என்.ஏ. துண்டு) அமர்ந்து, பிளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு டி.என்.ஏ. வளையம்) மூலம் கிருமி விட்டுக் கிருமி தாவக்கூடியது. மனிதக் குடலுக்குள்ளேயே அப்படித் தாவியதை 2006-இல் வெளியான தன்னார்வலர் ஆய்வு காட்டியது. அதனால்தான் என்டரோகாக்கஸ் கலந்த ப்ரோபயாட்டிக் என்றால் நாங்கள் இருமுறை யோசிக்கச் சொல்கிறோம்.

கேள்வி: நல்ல தயாரிப்பை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: லேபிளில் இனத்தின் பெயரோடு ரக எண்ணும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே இனத்தில் ஒரு ரகம் சுத்தமாகவும் இன்னொன்று தாவும் மரபணுவோடும் இருக்கலாம். லாக்டோபேசில்லஸ் ரியூட்டெரி ஏ.டி.சி.சி. 55730 என்ற ரகத்தில் இரண்டு பிளாஸ்மிட்கள் இருந்தன: ஒன்றில் டெட்ராசைக்ளின் எதிர்ப்பு, மற்றதில் லிங்கோமைசின் எதிர்ப்பு. இரண்டையும் நீக்கி உருவாக்கியதே டி.எஸ்.எம். 17938. எண் இல்லாத லேபிளில் எது உள்ளே இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

பிறகு நிறுவனத்துக்கு எழுதி இரண்டு கேள்வி கேளுங்கள். ஐ.எஸ்.ஓ. 10932 என்ற சர்வதேசத் தர முறைப்படி, கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்ச மருந்தளவை அளந்தார்களா? முழு மரபணுத் தொகுதியையும் படித்து எதிர்ப்பு மரபணுக்களைத் தேடினார்களா? ஒரு மரபணு கிடைத்தால், அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். பிஃபிடோபாக்டீரியம் லாக்டிஸ் ரகங்களில் பரவலாகக் காணப்படும் டெட்-டபிள்யூ என்ற டெட்ராசைக்ளின் எதிர்ப்பு மரபணு குரோமோசோமில் இருந்தாலும், அதன் அருகே தாவலுக்கு உதவும் டிரான்ஸ்போசேஸ் மரபணு ஒன்றும் உண்டு. இதைத் தொடர்ந்து கண்காணிப்பதே சரி.

கேள்வி: வீட்டுத் தயிரில் எதிர்ப்பு மரபணு பரவும் ஆபத்து உண்டா?

பதில்: பச்சைப் பாலில் எதிர்ப்பு மரபணு உள்ள என்டரோகாக்கஸ் வரலாம், அது ஓரளவு சூடு தாங்கும். எனவே பாலை 85 டிகிரியில் 30 நிமிடம், அல்லது 90 முதல் 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்து, 43 டிகிரிக்கு ஆறியதும் 100 பங்குக்கு 2, 3 பங்கு உறை ஊற்றுங்கள். உறைந்ததும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். நூல் நூலாக இழுத்தாலோ, குமிழி வந்தாலோ அதை அடுத்த உறைக்கு எடுக்காதீர்கள்.

பால் உறையவே தாமதமானால், மாட்டுக்குப் போட்ட பென்சிலினின் மிச்சமும் காரணமாக இருக்கலாம். தயிரின் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் அதற்கு மிக எளிதில் அடங்கிவிடும். காய்ச்சினாலும் பென்சிலின் பெருமளவு அழியாது. அந்தப் பாலைத் தவிர்ப்பதுதான் வழி.

கேள்வி: புளித்த உணவைச் சமைத்துவிட்டால்?

பதில்: நன்றாக வெந்தால் பாக்டீரியா செத்துவிடும். உயிரில்லாத செல் பிளாஸ்மிட்டைக் கைமாற்றாது. எஞ்சும் டி.என்.ஏ. பெரும்பாலும் துண்டாகிச் செரித்துவிடும்.

கேள்வி: ஆன்டிபயாட்டிக் எடுக்கும்போது ப்ரோபயாட்டிக்கும் சேர்க்கலாமா?

பதில்: பாக்டீரியா வகை என்றால் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். சாக்கரோமைசிஸ் பௌலார்டி ஈஸ்ட் என்பதால் பாக்டீரியா மருந்து அதை ஒன்றும் செய்யாது. பூஞ்சை மருந்து கொல்லும். நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களும், பெரிய ரத்தக்குழாயில் குழாய் பொருத்தியிருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் எடுக்கக் கூடாது. ஏற்கெனவே எடுத்திருந்தால், காய்ச்சல் வந்தவுடன் ரகத்தின் பெயரோடு சொல்லுங்கள். லாக்டோபேசில்லஸ் ரத்தத்தில் கலந்திருந்தால் வான்கோமைசின் பெரும்பாலும் கேட்காது. பென்சிலின் அல்லது ஆம்பிசிலின் தேவைப்படும்.